தேய்க்காதே, தடவு

பாத்திரம் தேய்க்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கவில்லை என்றால் அது தேய்த்த கணக்கில் சேராது என்பது எங்கள் அம்மாவின் கட்சி. சுத்தத்தைக் கண்ணால் பார்த்து அவள் ஒப்புக்கொள்வதில்லை. காதால் கேட்க வேண்டும், தோள்பட்டை வலிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போடுவாள். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவளுடைய ஆயுதசாலை: தேங்காய் நார், அடுப்புச் சாம்பல், இடித்துச் சலித்த செங்கல்பொடி, பித்தளைக்கென்று பழைய புளி, அடிப்பிடித்த குண்டானுக்கென்று ஒரு கொட்டாங்குச்சி நிறைய ஆற்று மணல்.

எங்கள் பக்கம் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டிக் கொடுப்பார்கள். அம்மா கல்யாணத்தில் வந்த சீர்ப் பாத்திரங்களில் தாத்தா பெயர், ஊர், தேதி எல்லாம் வெட்டியிருந்ததாம். இன்றைக்குப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒரு சுழி கிடைக்காது. தெருவில் விசேஷத்துக்கு இரவல் போன அண்டாக்கள் திரும்பி வரும்போது எது யாருடையது என்று தகராறு வந்தால், "எதுல பேரே இல்லையோ அது எங்களுது" என்று சொல்லிவிட்டு அம்மா தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அந்த வழக்கில் அவள் தோற்றதே இல்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் கண்ணாடி மூடிய கரண்ட் அடுப்பு ஒன்று வந்து சேர்ந்தது.

புதுவீடு குடிபோனபோது என் மச்சான் கொண்டுவந்து வைத்த அன்பளிப்பு அது. குடிபோகிற வீட்டுக்கு வரும் அன்பளிப்புகளில் சுவர்க் கடிகாரத்துக்கு அடுத்த இடம் இந்த அடுப்புக்குத்தான். பெட்டியைப் பிரிக்காமல் பரண் மேல் ஏற்றிவிட்டோம். அடுத்த வீட்டுக் குடிபோகலுக்கு அப்படியே கைமாற்றிவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. அது இறங்கி வந்தது 2012-இல். அந்த வருஷம் செப்டம்பரில் மத்திய அரசு, மானிய விலையில் வீட்டுக்கு வருஷத்துக்கு ஆறு சிலிண்டர்தான் என்று கட்டுப்பாடு போட்டது. பின்னால் ஒன்பதாக்கி, அப்புறம் பன்னிரண்டாக்கினார்கள் என்றாலும், அந்த முதல் அறிவிப்பில் தமிழ்நாடே சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து எடை கணித்துக்கொண்டிருந்தது. எரிவாயுவை மிச்சம் பிடிக்க எல்லாரும் கரண்ட் அடுப்பை இறக்கினார்கள். இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் கரண்ட் இல்லை. சென்னையைத் தாண்டினால் பாதி நாளுக்கு மேல் மின்வெட்டு நடந்த வருஷமும் அதே 2012-தான். சிலிண்டரும் இல்லாமல் கரண்டும் இல்லாமல், பருத்திமாரைக் கட்டுக்கட்டாக ஒடித்து வைத்துச் சமைத்த காலம் அது. பளபளவென்று கருப்புக் கண்ணாடியோடு அடுப்பு மேடையில் இருக்கும். அதன் மேல் சிம்னி விளக்கை ஏற்றி வைத்திருப்போம். விளக்குக்கு அவ்வளவு பொருத்தமான பீடம் வேறு கிடைக்காது.

கரண்ட் வந்து நிலைத்த பிறகு என் மனைவி அடுப்போடு வந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள். பராமரிப்பு என்ற தலைப்பில் அதில் இருந்தது இவ்வளவுதான்: ஆறிய பிறகு மென்மையான ஈரத் துணியால் துடைக்கவும். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"துடைக்கிறதுன்னா எப்ப? கழுவுறதுக்கு முன்னாலயா, கழுவுனதுக்கு அப்புறமா?"

"கழுவவே கூடாது அத்தை. உள்ள தண்ணி போனா போச்சு."

அம்மா அடுப்பைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், கடைசியில் மச்சான் வீட்டுத் திசையைப் பார்த்தாள். "கழுவாத அடுப்புலதான் சாமிக்கும் பொங்கணுமா?" என்று கேட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள். அன்றைக்குத் தேய்த்த சத்தம் நெடுஞ்சாலை லாரி ஹாரனையும் தாண்டிக் கேட்டது.

இந்தக் கண்ணாடியின் பூர்வீகத்தைச் சொன்னால் அம்மா சமாதானமாவாள் என்று நினைத்து நான் சொல்லிப் பார்த்ததுண்டு. அமெரிக்காவில் கார்னிங் என்ற கண்ணாடி நிறுவனத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்று ஒரு வேதியியலாளர் இருந்தார். 1950-களின் தொடக்கம். இங்கே நம் கல்லக்குடியில் ரயில் நிலையத்தின் பேரை மாற்று என்று போராட்டக்காரர்கள் தண்டவாளத்தில் படுத்த காலத்தை ஒட்டி, அங்கே அவர் ஒரு கண்ணாடித் தகட்டை உலைக்குள் வைத்தார். 600 டிகிரியில் நிற்க வேண்டிய உலை கோளாறாகி 900 டிகிரிக்குப் போய்விட்டது. உருகி ஓடியிருக்கும் என்று நினைத்துத் திறந்தால், தகடு பால் வெள்ளையாக மாறி விறைப்பாக உட்கார்ந்திருக்கிறது. இடுக்கியால் எடுக்கும்போது நழுவித் தரையில் விழுந்தது. உடையவில்லை. கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் நெருக்கமாக வளர்ந்து, அது பாதி கண்ணாடி பாதி பீங்கான் என்ற புது ஜாதியாகிவிட்டிருந்தது. 1958-இல் அதில் சமையல் பாத்திரம் வந்தது. 1970-களில் ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் அதே வகைப் பொருளை அடுப்பின் மேல்தகடாக்கியது. சூடு பட்டால் இது விரிவதே இல்லை என்று சொல்லிவிடலாம், அவ்வளவு கொஞ்சம். விரியாதது விரிசலும் விடாது. அதனால்தான் ஹவாய்த் தீவின் மலை உச்சியில் இருக்கும் கெக் தொலைநோக்கிகளுக்கும் இதன் பங்காளி வகையில்தான் ஆடி செய்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் முப்பத்தாறு துண்டுகள்.

"அதையும் துணியாலதான் தொடைக்கிறாங்களா?"

"துணியே போடுறதில்லம்மா. பெரிய தொலைநோக்கி ஆடியிலெல்லாம் கரியமில வாயுவ உறையவச்சுப் பொடியா ஊதித் தூசியத் தட்டிவிடுறாங்க."

"ஊதியா?" அம்மாவின் குரலில் அந்த விஞ்ஞானிகளின் அம்மாக்கள் மேல் ஒரு பரிதாபம் தெரிந்தது. "ஊதுறதுக்குப் பேரு சுத்தமாடா? நான்கூட அம்பது வருசமா ஊதாங்குழல்ல ஊதியிருக்கேன்."

அம்மாவின் அடுத்த கேள்விதான் உண்மையில் நல்ல கேள்வி. "தீயத் தாங்குற கண்ணாடி, தீயோட சாம்பலத் தாங்காதா?"

தாங்காது. சூட்டைத் தாங்குவது வேறு, கீறலைத் தாங்குவது வேறு. எது எதைக் கீறும் என்பதற்கு மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-இல் ஒரு வரிசை போட்டு வைத்தார். முகப்பவுடர் மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. சாதாரணக் கண்ணாடி ஐந்தரைப் பக்கம். அடுப்புக் கண்ணாடி அதைவிடக் கொஞ்சம் உசத்தி. ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் ஏழு. மணலும், மணல் கலந்த சாம்பலும், செங்கல்பொடியும் கண்ணாடிக்கு மேல் வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. கடையில் விற்கிற பச்சை நாரில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடுத் துகள் ஒட்டியிருக்கும், அதற்கு ஒன்பது. அம்மாவின் ஆயுதசாலையில் அந்த அடுப்பை எதிர்த்துத் தோற்கக்கூடிய பொருள் புளியும், மணல் ஒட்டாத தேங்காய் நாரும்தான்.

விறகு கண்ணாடியாக மாறியதைச் சொல்லி அம்மா வியக்கும்போது எனக்குச் சாத்தனூர்தான் நினைவுக்கு வரும். எங்கள் ஆலத்தூர் வட்டத்தில்தான் இருக்கிறது அந்த ஊர். அங்கே பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடப்பதை 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். மரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் அந்த இடத்தில் சிலிக்கா வந்து உட்கார்ந்திருக்கிறது. சிலிக்கா என்றால் கண்ணாடிக்கு மூலப்பொருள். ஆக, விறகு கண்ணாடியாவது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதில்லை; சாத்தனூரில் அதற்குப் பன்னிரண்டு கோடி வருஷம் ஆயிற்று, எங்கள் சமையலறையில் ஒரே தலைமுறை. அம்மாவை ஒருதரம் அங்கே கூட்டிப்போய்க் காட்டினேன். கம்பி வேலிக்குள் கிடந்த மரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்துவிட்டு, "ஒரு கல்யாணத்துக்கே சமைச்சிருக்கலாம்" என்றாள்.

அடுப்பு வேலை செய்கிற விதமும் அவளுக்குப் பிடிபடவில்லை. தீ இல்லை, சிவப்பு இல்லை, வெளியில் சுடுவதும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே செப்புக் கம்பிச் சுருள் படுத்திருக்கிறது. சுவரில் வருகிற கரண்ட் நொடிக்கு ஐம்பது தரம் முன்னும் பின்னுமாகப் போய்வரும். சுருளுக்குள் அதை இருபதாயிரம் தரத்துக்கும் மேலாக மாற்றுகிறார்கள். அந்தக் காந்தத் துடிப்பு பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைக் கிளப்பி அதைச் சுட வைக்கிறது. பாத்திரம்தான் அடுப்பு, அடுப்பு வெறும் பலகை. காந்தம் ஒட்டுகிற அடி வேண்டும். பித்தளை, அலுமினியம், மண்சட்டி எதற்கும் அங்கே மரியாதை கிடையாது. அம்மாவின் பாத்திரங்களில் இரும்பு தோசைக்கல் ஒன்றுதான் பரீட்சையில் தேறியது. அதன் அடிப்பக்கமோ குவாரிச் சாலை மாதிரி இருக்கும். தூக்கி வைக்க வேண்டிய அந்தக் கல்லை அம்மா பழக்கதோஷத்தில் இழுத்து நகர்த்துவாள். கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் கோடு கோடாக விழும். அவற்றில் பாதி கீறலே அல்ல, இரும்பு தேய்ந்து ஒட்டிய தடம். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து மெல்லிய துணியால் வட்டமாகத் தடவினால் போய்விடும். மீதிப் பாதி போகாது. அது எங்கள் குடும்பச் சொத்து.

கண்ணாடியில் எதுவுமே படாமலிருக்க என் மனைவி ஒரு வழி வைத்திருந்தாள். பாத்திரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அன்றைய தினசரியை விரித்துவிடுவாள். அது ஒன்றும் அவள் கண்டுபிடிப்பு இல்லை. 1950-களிலேயே அமெரிக்காவில் ஃபிரிஜிடேர் நிறுவனம், செய்தித்தாளுக்கு மேலே பாத்திரத்தை வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பார் தாள் எரியவில்லை என்று ஊர் ஊராக வேடிக்கை காட்டியிருக்கிறது. அவர்கள் காட்டியது தண்ணீர். நம் வீட்டில் நடப்பது வற்றல் வறுப்பது. பாத்திரத்தின் அடி இருநூறு டிகிரியைத் தாண்டினால் அந்தச் சூடு தாளுக்கு வராமல் எங்கே போகும்? ராசிபலன் பக்கம் பழுப்பேறி, ஓரம் கருகி, வீடு முழுக்கப் புகை வந்த அன்று தாள் வைக்கிற சம்பிரதாயம் முடிந்தது. அன்றைக்கு அப்பாவின் ராசிக்கு என்ன போட்டிருந்தது என்பது கடைசி வரை தெரியாமலே போயிற்று. அவர் இன்றும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

கண்ணாடி அடுப்புக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொருட்டே இல்லை. சாம்பார் சிந்தினால் ஈரத்துணி. பால் காய்ந்து ஒட்டினால் நனைத்த துணியை மேலே போர்த்திவிட்டு ஒரு காபி குடித்து வந்தால் தானாக விட்டுக்கொடுக்கும். அந்த அடுப்பால் சமாளிக்க முடியாத ஒரே ஆள் இனிப்பு. அதிலும் பாகு.

தீபாவளிக்கு அதிரசம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகாமல் இடித்துச் சலித்து வைத்தாயிற்று. கேஸ் அடுப்பில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் வெல்லப் பாகு கரண்ட் அடுப்புக்கு வந்தது. பாகுக்குப் பதம் பார்க்கிற உரிமை எங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர யாருக்கும் இல்லை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டி உருட்டி, கிண்ணத்தின் விளிம்பில் தட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு கொதி" என்றாள். அந்த ஒரு கொதி விறகடுப்புக் கொதி. விறகடுப்பில் ஒரு கொதிக்கு அரை நிமிஷம் ஆகும். இது 2000 வாட். நுரை ஒரே எழும்பாக எழும்பி, சட்டியின் கழுத்தைத் தாண்டி, பக்கவாட்டில் வழிந்து, சட்டிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. சட்டியின் அடியோ உலையாகக் கொதிக்கிறது. வழிந்த பாகு அங்கே இரண்டாம் தரம் பாகாகி, மூன்றாம் தரம் கருகி, கருப்பு வளையமாகக் கண்ணாடியைக் கவ்வியது.

பாகு ஆறினால் நன்றாகச் சுருங்கும். கண்ணாடி துளியும் சுருங்காது. சுருங்குகிறவள் தன்னோடு சேர்த்து இழுப்பாள், சுருங்காதவள் இடம் கொடுக்க மாட்டாள்; மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் வீட்டு மேல்பூச்சு பெயர்ந்து வருகிற கதைதான். அப்படியே ஆறவிட்டுப் பிய்த்தால் பாகோடு சேர்ந்து கண்ணாடியும் பொடிச் சில்லாகப் பெயர்ந்து வந்து, அந்த இடத்தில் அம்மைத் தழும்பாகக் குழி விழும். ஆகவே சர்க்கரை சிந்தினால் மட்டும், ஆறிய பிறகு துடைக்கவும் என்ற குறிப்புப் புத்தகத்து வேதவாக்கைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். சூடு இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

அம்மா அதற்குள் கொல்லைக்கு ஓடி மணல் கொட்டாங்குச்சியோடு வந்து நின்றாள். மனைவி குறுக்கே நின்றாள். "அத்தை, வேணாம்." "நகரும்மா, கல்லாப் போயிரும்." இரண்டு பேரும் சொல்வது சரிதான் என்பதால் நான் நடுவில் போகவில்லை. அப்போதுதான் திண்ணையிலிருந்து அப்பா எழுந்து வந்தார். சமையலறைக்குள் அவர் வருவது பொதுவாகக் காபி தாமதமானதை நினைவூட்டுவதற்காக மட்டும். கையில் சவரப் பெட்டி.

பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். சட்டியை இறக்கச் சொன்னார். புது பிளேடு ஒன்றைத் தாளோடு சேர்த்து நீளவாக்கில் ஒடித்தார். அந்தக் காலத்து ஆட்கள் எல்லாருக்கும் அந்த வித்தை தெரியும். பாதியைப் பழைய துணிக் கவ்வியில் செருகிக்கொண்டார். கையில் கரித்துணியைச் சுற்றினார். பிளேடைக் குத்தாமல், கண்ணாடியோடு ஒட்டப் படுக்கவைத்து, கன்னத்தில் வைக்கிற சாய்வில் வைத்து, முன்னால் தள்ளினார். கிர்ர்ர் என்று ஒரு சத்தம். இளஞ்சூட்டில் இருந்த பாகு நீளமான சுருளாக எழும்பி வந்தது. சுருளைத் துணியில் துடைத்துவிட்டு மறுபடி கிர்ர்ர். எங்கேயும் அழுத்தவில்லை, எங்கேயும் திரும்பி இழுக்கவில்லை. ஓரம் மட்டும் ஆறி இறுகிவிட்டது. அதன் மேல் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு ஊறவைத்தார். முழுக்கக் கரியாகாத வரைக்கும் சர்க்கரை தண்ணீருக்குக் கரையும் பிள்ளை. கொஞ்ச நேரத்தில் அதுவும் வந்துவிட்டது. கடைசியாகத் தோளில் கிடந்த துண்டால் ஒரு தடவு. கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. அவர் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நான் கவனித்துக்கொண்டிருந்தது அம்மாவை. முதல் கிர்ர்ரில் அவள் முகம் தெளிந்துவிட்டது. சத்தம் வருகிறது! இந்த அடுப்பைச் சுத்தம் செய்தாலும் சத்தம் வரும்! இத்தனை காலம் மருமகளும் குறிப்புப் புத்தகமும் அதை மறைத்துவிட்டார்கள். கொட்டாங்குச்சியைக் கீழே வைத்தாள். "அந்தப் பிளேட இங்க குடுங்க" என்றாள்.

பிளேடு கைக்கு வந்த பிறகு அம்மாவின் பார்வை வெள்ளை வளையங்கள் மேல் திரும்பியது. அது எங்கள் ஊர்த் தண்ணீரின் கைவேலை. குடிக்கிற தண்ணீர் வேறு; புழங்குவது போர்த் தண்ணீர். கழுவிய பாத்திரத்தின் அடியைத் துடைக்காமல் அப்படியே தூக்கி வைத்தால், தண்ணீர் ஆவியாகி அதிலிருந்த சுண்ணாம்பு வட்டமாகத் தங்கிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக வளையம் விழுந்து, ஒலிம்பிக் கொடி ஏறியதுபோல ஆகிவிட்டிருந்தது.

இந்தக் கறைக்கு எங்களிடம் மற்ற ஊர்க்காரர்களிடம் இல்லாத வம்சாவளி இருக்கிறது. எங்கள் ஊரான பாடாலூருக்குக் கிழக்கே காரை, கொளக்காநத்தம் என்று போனால், அதையும் தாண்டி அரியலூர் வரைக்கும் ஒரு காலத்தில் கடல். பத்துக் கோடி வருஷத்துக்கு முந்தைய கதை. காரையின் செம்மண் ஓடைகளில் அம்மோனைட் என்கிற சுருள் ஓட்டுக் கடல்பிராணிகள் கல்லாகிக் கிடக்கின்றன. பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் 1862-இல் இந்தப் பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதியபோது, கடைசித் தொகுதிக்கு அரியலூர் பெயரையும், நடுத் தொகுதிக்குத் திருச்சிராப்பள்ளி பெயரையும், எல்லாவற்றிலும் மூத்த தொகுதிக்கு எங்கள் பக்கத்து ஊரான ஊட்டத்தூர் பெயரையும் வைத்தார். உலகத்தின் எந்த மூலையில் புவியியல் படிப்பவனுக்கும் ஊட்டத்தூர் தெரியும். நெடுஞ்சாலையில் பஸ் நிற்பது பாடாலூரில், பெயர் போனது ஊட்டத்தூருக்கு. இந்த அநியாயத்தைப் பற்றி நாங்கள் யாரிடமும் முறையிடவில்லை.

அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் வெட்டி அரியலூரிலும் டால்மியாபுரத்திலும் சிமென்ட் ஆக்குகிறார்கள். பாடாலூருக்கு மேற்கே போனால் குவாரி வெட்டுகிற கருங்கல், கிழக்கே போனால் சுண்ணாம்பு. இரண்டுக்கும் நடுவில் போர் போட்டவன் வீட்டில் தண்ணீர் மென்மையாக வருமா? அடுப்பில் இருந்த வெள்ளை வளையத்தைக் காட்டி, "இது சிமென்ட்டோட ஒண்ணுவிட்ட தம்பிம்மா" என்று சொன்னேன். அதனால்தான் பிளேடும் முழுசாகப் பலிக்கவில்லை. மனைவி பிழிந்து போட்டிருந்த எலுமிச்சை மூடி ஒன்றை எடுத்து வளையத்தின் மேல் தேய்த்து வைத்தாள். உற்றுப் பார்த்தால் பொடிப்பொடிக் குமிழ் கிளம்பியது: அமிலம் பட்டதும் சுண்ணாம்பு கரியமில வாயுவை விட்டுக் கரைகிறது. சிறிது நேரம் கழித்து ஈரத்துணியால் ஒரு தடவு, உலர்துணியால் ஒரு தடவு. பத்துக் கோடி வருஷத்துக் கடல் ஒரு மூடி எலுமிச்சைக்குக் கட்டுப்பட்டது. வினிகர் இருந்தால் அதுவும் ஆகும். பாத்திரத்தின் அடியைத் துடைத்துவிட்டு வைத்தால் எதுவுமே வேண்டாம் என்பதை மனைவி மெதுவாகச் சொன்னாள். அம்மா காதில் வாங்கவில்லை. கறையே வராவிட்டால் பிளேடுக்கு என்ன வேலை?

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் இதற்கென்றே நுண்ணிழைத் துணி விற்கிறார்கள். அதைவிட நல்லது, வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்து நூலெல்லாம் மெலிந்த நாலு முழப் பருத்தி வேட்டி. அப்படி ஒரு வேட்டி அப்பாவிடம் இருந்தது. கோடையில் திண்ணையில் படுக்க அதைக் கட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இப்போது அது எட்டுத் துண்டாகச் சமையலறை ஆணியில் தொங்குகிறது. தான் பிளேடோடு உள்ளே வந்த அன்றைக்கே தன் வேட்டிக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்பதை அவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தால் இன்னொரு பிரச்சினை. அடுப்புக்கு மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும். பழைய அடுப்புக்கு நெற்றி எது என்று குழப்பமில்லை. இதில் அகலமான கருப்புக் கண்ணாடி, நடுவில் ஒரு வட்டம், கீழே பட்டன்கள். அம்மா மூன்று பட்டை விபூதி இட்டுப் பார்த்தாள். கருப்பில் அப்படி எடுத்துக் காட்டியது, தரிசனத்துக்கே ஆள் வரும். குங்குமம் மட்டும் இடம் தவறிப் பட்டன் மேல் விழுந்தது. தொடு பட்டன் விரல் பட்டால் மின்னேற்றம் மாறுவதை வைத்து வேலை செய்வது. குழைத்த ஈரக் குங்குமம் அதற்கு ஒரு விரல். அம்மன் கைவைத்ததாக எண்ணி அடுப்பு தானாக 'சப்பாத்தி'க்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு குங்குமம் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கோடு நிறுத்தப்பட்டது. ஆயுத பூஜைக்குக் கண்ணாடியில் கோலம் போடலாம், ஆனால் பச்சரிசி மாவில் மட்டும். கடைக் கோலமாவு கல்பொடி.

இந்தப் பட்டன் விவகாரத்தின் உச்சம் சென்னையில் என் தங்கை வீட்டுப் பொங்கல். மூன்றாவது மாடி. சூரியனைப் பார்த்துப் பொங்க வேண்டும் என்பதற்காக நீட்டு வயர் இழுத்துப் பால்கனியில் கரண்ட் அடுப்பை வைத்து, காந்த அடி போட்ட எவர்சில்வர் பானையில் மஞ்சள் கொத்தும் கட்டியாயிற்று. அம்மா பாடாலூரிலிருந்து வீடியோவில் மேற்பார்வை. பால் எழும்பியது. எல்லாரும் "பொங்கலோ பொங்கல்" என்று வாயெடுக்க, பால் வழிந்து பட்டன்களை நனைக்க, அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்தது. பால் உடனே அடங்கிப் பானைக்குள் இறங்கிவிட்டது. ஆபத்தில்லாமல் இருக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பொங்கி வழிவதை மங்களம் என்று நினைக்கிற ஜனங்கள் இருப்பதை வடிவமைத்தவருக்கு யாரும் சொல்லவில்லை.

"எந்தப் பக்கம்டி பொங்குச்சு?" என்றாள் அம்மா. கிழக்கே பொங்கினால் ஒரு பலன், வடக்கே பொங்கினால் ஒரு பலன்.

"பட்டன் பக்கம்மா."

அம்மா யோசித்தாள். பலன் சொல்வதில் அவள் திணறியதே இல்லை. "இந்த வருசம் கரண்ட் பில்லு கம்மியாகும்" என்றாள்.

மேல் கண்ணாடியை இவ்வளவு சீராட்டுகிறவர்கள் அடிப்பக்கத்தை யாரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. உள்ளே ஒரு சின்ன விசிறி இருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் அது கொஞ்ச நேரம் ஓடிச் சுருளை ஆற்றும். சத்தம் ஓய்வதற்கு முன் பிளக்கைப் பிடுங்கக் கூடாது. அந்த இளஞ்சூடும் இருட்டும் கரப்பான்பூச்சிகளுக்குக் குளிர்கால மாளிகை. ஒருதரம் அடுப்பு நின்றுபோய்ப் பெரம்பலூரில் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். திருகுகளைக் கழற்றிக் கவிழ்த்தார். ஒரு கூட்டுக் குடும்பமே வெளியே வந்தது. "சார், உங்க வீட்ல கண்ணாடி மட்டும் பளிச்சுன்னு இருக்கு" என்றார். அந்தப் பாராட்டை வீட்டில் அப்படியே சொன்னேன், 'மட்டும்' என்ற சொல்லை விட்டுவிட்டு.

இப்போது எங்கள் தெருவில் பாதி வீட்டில் கரண்ட் அடுப்பு. யார் வீட்டில் எது வழிந்தாலும் அம்மாவுக்குத்தான் ஆள் வருகிறது. போன மாதம் எதிர்வீட்டுப் பெரியம்மா முந்தானையில் பொதிந்து அடுப்பையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மேலே கடலைமிட்டாய்ப் பாகு. கையில் அவரே கொண்டுவந்த பச்சை நார். அம்மா அதைப் பார்த்த பார்வையில் பெரியம்மா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இதுல தேய்க்கவே கூடாதுக்கா. தடவணும். கண்ணாடின்னா கண்ணாடி இல்ல, அமெரிக்காக்காரன் உலையில வச்சு மறந்துட்டுப் போன கண்ணாடி. இதே கண்ணாடியிலதான் வானத்துல நட்சத்திரம் பாக்குறான். அங்கெல்லாம் தொடைக்கிறதே கிடையாது, ஊதுறதோட சரி." பெரியம்மா வாய் பிளந்து கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். "மொதல்ல வெந்நித் துணியப் போட்டு ஊறவை. அப்புறம் படுக்க வச்சுத் தள்ளணும், குத்தக் கூடாது." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்: "இந்தாங்க, புது பிளேடு ஒண்ணு எடுத்துட்டு வாங்க!"

அப்பா எடுத்து வந்து கொடுத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன்.

"சலூனுக்கு. சவரம் பண்ண."

"ஏன்ப்பா, வீட்ல பிளேடு இல்லையா?"

"ரெண்டு பாக்கெட்டு இருக்கு. அது அடுப்புக்கு."